எண்ணெய் விற்கும் இருவரும் நம் வீட்டுத் தொட்டியும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி நேரத்தையும் கைதட்டலையும் ஒருசேர எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரிகளே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, அவையோரே, வணக்கம். சவூதி அரேபியாவுக்கும் ரஷ்யாவுக்கும் உள்ள எண்ணெய் உறவை வரலாறு, விலை, முதலீடு என மூன்று கூறாகப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள்.

வரலாறு விசித்திரமானது. சவூதி அரேபியாவை நிறுவிய இப்னு சவூதின் ஆட்சியை 1926-இல் முதலில் அங்கீகரித்த நாடு சோவியத் ஒன்றியம். 1932-இல் அவருடைய மகன் இளவரசர் ஃபைசல் அங்கே சென்று பாக்கூ எண்ணெய் வயல்களைப் பார்த்தபோது சவூதி மண்ணில் எண்ணெய் கண்டறியப்படவே இல்லை. 1938-இல் தம்மாமில் எண்ணெய் பீறிட்டது. அதே ஆண்டில் முறிந்த உறவு 1990-இல்தான் மீண்டும் ஒட்டியது.

2017 அக்டோபரில் மன்னர் சல்மான் மாஸ்கோவில் இறங்கிய காட்சியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆட்சியிலிருக்கும் சவூதி மன்னர் ஒருவர் ரஷ்ய மண்ணை மிதிப்பது அதுவே முதல்முறை. விமானக் கதவு திறக்கிறது. பொன்னிறத்தில் மின்னும் நகரும் படிக்கட்டு காத்திருக்கிறது. எண்பத்தொரு வயது மன்னர் கால் வைக்கிறார். படிக்கட்டு மெல்ல இறங்குகிறது. பாதி வழியில் நின்றேவிட்டது! கீழே வரவேற்புக் குழு, சுற்றிலும் புகைப்படக்காரர்கள். சற்று நேரம் காத்திருந்து பார்த்த மன்னர், கடைசியில் நம்மைப் போலவே ஒவ்வொரு படியாக நடந்து இறங்கினார். இந்த உறவும் அப்படித்தான்: பாதியில் நிற்கும், பிறகு நடந்தே கடக்கும்.

அடுத்தது விலை. 2016 டிசம்பரில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் நாடுகளோடு ரஷ்யாவும் சேர்ந்து உற்பத்தியைக் குறைக்க உடன்பட்டது. ரஷ்யாவின் பங்கு நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய். 2020 மார்ச்சில் வியன்னாவில் பேச்சு முறிந்து, இருவரும் போட்டிபோட்டு எண்ணெயைக் கொட்டத் தலைப்பட்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். பெருந்தொற்றும் சேர்ந்து விலையை வீழ்த்திய அந்த நாள்களில் இந்தியா பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கி, விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் அவசரகாலச் சேமிப்புக்காக அமைத்த பாறைக் குகைகளை நிரப்பி, 5,000 கோடி ரூபாய்க்குமேல் மிச்சம் பிடித்தது.

ஆனால் ஏப்ரல் 12-ஆம் நாளே ஊர் ஒன்றுபட்டு, நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் குறைப்பதாக உடன்பாடு வந்துவிட்டது. கூத்தாடியின் கொண்டாட்டம் ஒருசில வாரம்தான் என்றால், அந்த வாரங்களில் அள்ளிவைக்கப் பாத்திரம் வேண்டாமா? அந்த மூன்று குகைகளின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். நாட்டின் ஏறத்தாழ ஒன்பதரை நாள் தேவைக்கு ஈடு, அவ்வளவே. விற்பவர்களின் சண்டையும் சமாதானமும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. தொட்டியின் அளவு மட்டுமே நம் கையில் இருக்கிறது. இதை நான் பதினோராவது மேடையாகச் சொல்கிறேன், பொறுத்தருள்க.

முதலீட்டைப் பொறுத்தவரை, 2015-இல் சவூதி பொது முதலீட்டு நிதியம் ரஷ்யாவில் 1,000 கோடி டாலர் இட உறுதியளித்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். 2021-இல் ஒப்புதல் பெற்ற ஒடிசாவின் சண்டிக்கோல் கிடங்கையும், பாதூரில் கூடுதலாக அமையும் சேமிப்புக் கிடங்கையும் விரைந்து முடிக்கக் கோரும் தீர்மானத்தை வாசிக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.