இரண்டு அடுப்பு எரிந்த வீடு

நேயர்களுக்கு வணக்கம். கிராம நிர்வாக அலுவலராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒருவர் இறந்துவிட்டால் வாரிசுச் சான்றுக்காக அந்த வீட்டுக்கு விசாரணைக்குப் போவோம். "இறந்தவருக்கு மனைவி எத்தனை பேர்?" என்று கேட்டாக வேண்டும். சில வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டதும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. எங்கள் அம்மா பிறந்த வீடே அப்படிப்பட்ட வீடுதான்.

அம்மாவின் அப்பாவுக்கு இரண்டு மனைவிகள். மூத்தாளுக்கு வரிசையாக மூன்றும் பெண். ஆண் வாரிசு வேண்டும் என்று 1930களில் மூத்தாளின் சொந்தத் தங்கையையே இளையாளாகக் கட்டிவைத்தார்கள். அவளுக்கு இரண்டு பையன்கள். ஒரே வீடு, கொல்லைப்புறத்தில் இரண்டு அடுப்பு. நெல்லும் எண்ணெயும் இரண்டு பக்கமும் சரியாக அளந்து கொடுப்பாராம் தாத்தா. சாப்பாடு ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. அவர் செருப்பு எந்த அறை வாசலில் கிடக்கிறது என்று பார்த்துத்தான், இது யாருடைய வாரம் என்று அம்மா தெரிந்துகொள்வாள். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, "அப்பா நம்ம பக்கம் வர்ற வாரம்" என்று ஒரு குழந்தை காத்திருந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அம்மாவுக்கு எழுபது வயது. அப்போதும் குரல் மாறிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாயின் தங்கையும் சித்தி, தகப்பனின் இளையாளும் சித்தி. அம்மாவுக்கு இரண்டும் ஒரே ஆள். கல்யாணத்துக்கு முன்னால் தூக்கி வளர்த்த சித்தி, கல்யாணத்துக்குப் பிறகு தன் தாய்க்குச் சக்களத்தி. கூப்பிடுகிற பெயர் மட்டும் மாறவில்லை.

தாத்தா 1962இல் இறந்தார். அவர் சம்பாதித்து வாங்கியது ஆறு ஏக்கர். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. விதவைகள் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பங்குதான். ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர், இரண்டு பாட்டிகளுக்கும் சேர்த்து ஒரு ஏக்கர். அதாவது ஆளுக்கு அரை ஏக்கர். "ஆம்பளப் பிள்ளை பெத்தவ நான், எனக்கும் அவளுக்கும் ஒரே அளவா?" என்றாள் சின்னப் பாட்டி. "முதல்ல வந்தவ நான்" என்றாள் எங்கள் பாட்டி. அரை ஏக்கரும் அரை ஏக்கரும் பக்கத்துப் பக்கத்தில். வாய்க்கால் தண்ணீர் முதலில் சின்னப் பாட்டி வயலில் பாயும். மடையை எப்போது திறப்பது என்பதில் தொடங்கிய சண்டையால், ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவரும் பதினோரு வருடம் முகம் பார்த்துப் பேசவில்லை. என் அக்கா கல்யாணப் பத்திரிகையில் எந்தப் பாட்டி பெயரை முதலில் போடுவது என்பதற்கே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார்கள். தாத்தா உயிரோடு இருந்தவரை அடங்கிக் கிடந்ததெல்லாம் அவர் போனபிறகு பிள்ளைகள் தலையில் விழுந்தது. நான் விசாரிக்கப் போன வீடுகளிலும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். நம் சென்னை மாகாணத்தில் 1949லேயே, முதல் மனைவி இருக்கும்போது இந்துக்கள் செய்யும் இரண்டாம் திருமணம் செல்லாது என்று சட்டம் வந்துவிட்டது. 1955இல் நாடு முழுவதற்கும் வந்தது. நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் ஆண்கள் இரண்டாவது குடும்பம் வைப்பதை அது முழுதாக நிறுத்தவில்லை. முன்பு இளையாள் என்று ஊரறிய இருந்தவள் 'சின்ன வீடு' ஆனாள். குற்றத்துக்கு ஏழு வருடம் வரை சிறை உண்டு. ஆனால் இரண்டாவது கல்யாணம் முறைப்படி சடங்கோடு நடந்தது என்று நிரூபித்தால்தான் தண்டனை என்று 1965இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விடியற்காலையில் ஏதோ ஒரு கோயிலில் கட்டிய தாலிக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது?

லாரி ஓட்டுநர் ஒருவர் விபத்தில் போய்விட்டார். அவரோடு இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திய பெண்ணின் பெயரை வாரிசுச் சான்றில் மனைவி என்று எழுத வழியில்லை. முதல் மனைவி பெயர்தான் வரும். "சாட்சியாவாவது என் பேரை எழுதுங்க சார்" என்றார் அந்த அம்மா. முதல் மனைவி தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அவரும் பத்து வருடம் கட்டட வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். யார் பக்கம் பேசுவேன் நான்?

இது ஏதோ ஒரு மதத்துக்காரர் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கணவருக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் நூற்றுக்கு 1.4. இந்துக்களில் 1.3, முஸ்லிம்களில் 1.9. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

பென்ஷன் பற்றியும் குடும்ப அட்டை பற்றியும் பேச நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள்தான். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு என்ன பங்கு வருமோ, அதிலும் அவர்களுக்குப் பாகம் உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே வாரிசுச் சான்றுக்கு மனுப் போடும்போது அந்தப் பிள்ளைகளின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிலும் பள்ளிச் சான்றிதழிலும் தகப்பன் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.