டிவி வருவதற்கு முன்னாலும் வெட்டுக்குத்து இருந்ததாம்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "சமூகத்தில் வன்முறை பெருகக் காரணம் ஊடகமா, மனித மனமா?" என்ற கேள்விக்கு ஊடகமே என்று சொல்ல வந்திருக்கிறேன். சற்றுமுன் எதிரணித் தலைவர், டிவி வருவதற்கு முன்னாலும் மனிதன் வெட்டிக்கொண்டுதானே இருந்தான் என்று கேட்டு பலத்த கைதட்டல் வாங்கிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, தீப்பெட்டி வருவதற்கு முன்னாலும் காடு எரிந்ததுதான், அதற்காக அதைக் கொண்டுபோய் வைக்கோற்போரில் வைப்பீர்களா?

சரி, முதலில் ஒன்றை விட்டுக்கொடுத்துவிடுகிறேன். சண்டைப் படம் பார்த்தவன் எல்லாம் கத்தியைத் தூக்குகிறான் என்று நான் பேசப்போவதில்லை. (எங்கள் அணியிலேயே ஒருவர் அப்படிப் பேசினார், அவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) வீடியோ கேம்களில் ஊறிய ஜப்பானில்தான் கொலைகள் மிகக் குறைவு. அமெரிக்க உளவியல் சங்கமும் 2020இல் இதைத்தான் சொன்னது: வன்முறை கேம்களுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு உண்டு, ஆனால் கொலைக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. இதை எதிரணிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வழக்கு வேறு. படத்தில் அடிவாங்குகிறவனுக்கு வீடு வாசல் கிடையாது. 'இது செய்தி, இது உண்மை' என்று சொல்லி, இன்னார்தான் உன் எதிரி, இந்தத் தெருவில்தான் இருக்கிறான் என்று கை காட்டுகிறதே ஒரு ஊடகம், அங்கேதான் ரத்தம் சிந்துகிறது.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1993 ஜூலையில் ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி தொடங்கியது. எடுத்தவுடன் 'கொல்லு' என்று யாரும் சொல்லவில்லை. நல்ல பாட்டு, நையாண்டி, தெருவில் பேசுகிற மாதிரி கலகலப்பான பேச்சு, இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்தக் கலகலப்புக்கு நடுவிலேயே அங்குள்ள சிறுபான்மை இனமான டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிச் சொல்லிக் காதுக்குப் பழக்கினார்கள். 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியபோது அதே வானொலியில் ஆட்களின் பெயர், இருப்பிடம், வண்டி எண் வரை அறிவிப்பாக வந்தது. ஏறத்தாழ நூறு நாளில் மாண்டவர்கள் லட்சக்கணக்கில், எட்டு லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அங்கே வெறுப்பு ஏற்கெனவே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மனசில் கிடந்த வெறுப்புக்குப் பெயர்ப்பட்டியலைக் கையில் கொடுத்தது யார்? ஐ.நா. தீர்ப்பாயம் அந்த வானொலியின் நிறுவனர்களில் இருவரையும் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் 2003இல் குற்றவாளிகள் என்றது. 2007இல் மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் விழுந்து தண்டனை குறைந்தது உண்மைதான், ஆனால் படுகொலை தொடங்கிய பிறகு வந்த அந்த ஒலிபரப்பு இனப்படுகொலையைத் தூண்டியது என்ற முடிவு நின்றது. இன்னும் பழைய கதை வேண்டுமா? நாஜிப் பத்திரிகை நடத்திய யூலியஸ் ஸ்டிரைஷர் போரில் தளபதியும் இல்லை, முகாமில் அதிகாரியும் இல்லை. 1946இல் நூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் அவருக்கும் தூக்குதான்.

இதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். 2019 மார்ச் 15, நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போட்டான். அடுத்த 24 மணி நேரத்தில் அந்த வீடியோவின் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்த நிறுவனமே சொன்னது. பார்க்க ஆள் இருக்கிறது என்பதற்காகவே திட்டமிடப்பட்ட கொலை அது. அந்நாட்டின் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அவன் பெயரைத் தன் வாயால் உச்சரிக்கவே மாட்டேன் என்றார். அவனுக்கு என்ன வேண்டும் என்று அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது.

அப்புறம் இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு சமாச்சாரம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். குழந்தை கடத்துகிறார்கள் என்ற வதந்தி பரவி இந்தியாவில் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்ட பிறகு, 2018இல் வாட்ஸ்அப் வந்த ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. உலைமூடியை ஊடகக்காரரே தேடிப் போய் எடுத்து வந்தார், நம் எதிரணி மட்டும் உலையே கொதிக்கவில்லை என்கிறது!

கடைசியாக ஒன்று. தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதும் வன்முறைதானே. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் மெட்ரோ ரயில் 1978இல் ஓடத் தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் அங்கே ரயில் முன் விழும் தற்கொலைகள் கூடின, பத்திரிகைகளும் அவற்றைப் பெரிய தலைப்பும் பரபரப்புமாகப் போட்டுத் தள்ளின. 1987இல் தற்கொலைத் தடுப்பு அமைப்பினர், இப்படி எழுதாதீர்கள் என்று விதிமுறை வகுத்துக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் கேட்டுக்கொண்டன, சில செய்திகள் உள்பக்கத்தில் சுருங்கின, சில வரவே இல்லை. அதே ஆண்டின் இரண்டாம் பாதியிலேயே மெட்ரோ தற்கொலைகள் மளமளவென்று குறைந்தன.

அதே நகரம், அதே ரயில், அதே சோகங்களோடு அதே மனிதர்கள், ஆறு மாதத்தில் எந்த மனித மனம் மாறிவிட்டது என்பதை எனக்கு அடுத்து வருகிற எதிரணி நண்பர் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.