கஸ்தூர்பா கேட்ட கேள்விகள்

தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

கஸ்தூர்பா என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பொறுமைசாலி, கணவர் பேச்சைத் தட்டாதவர். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததாக நமக்குக் கிடைத்திருக்கும் சொற்களில் மனசில் நிற்பவை கேள்விகள்தான். அதுவும் கணவரைப் பார்த்துக் கேட்டவை. மறைக்காமல் எழுதி வைத்தவரும் காந்தியேதான்.

1898. தென்னாப்பிரிக்காவில், காந்தியின் டர்பன் வீட்டில் ஒரு குமாஸ்தா தங்கியிருந்தார். ஒடுக்கப்பட்ட சாதிப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய மூத்திரச் சட்டியை எடுத்துக் கொட்ட கஸ்தூர்பாவுக்கு மனமில்லை. கண்ணீரோடு எடுத்து வந்தார். அந்தத் தயக்கத்தில் சாதி இருந்தது, அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் சிரித்த முகத்தோடு செய்யவில்லை என்று சத்தம் போட்ட காந்தி, மனைவியின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனாரே, அது என்ன நியாயம்? அழுதுகொண்டே கஸ்தூர்பா கேட்டார்: "உங்களுக்கு வெட்கமாக இல்லையா? நான் எங்கே போவேன்? எனக்கு அடைக்கலம் தர இங்கே அப்பா அம்மா இருக்கிறார்களா?" காந்தி வெட்கிப்போய்க் கதவைச் சாத்தினார்.

மூன்று வருஷம் கழித்து, 1901இல், இந்தியாவுக்குப் புறப்படும்போது மக்கள் நகைகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். கஸ்தூர்பாவுக்கு மட்டும் 50 கினி (அந்தக்கால ஆங்கிலேயப் பணம்) மதிப்புள்ள தங்கச் சங்கிலி. பொதுச்சேவைக்கு வந்தது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார் காந்தி. நாளைக்கு மருமகள்கள் வருவார்களே என்று வாதாடினார் கஸ்தூர்பா. அது எடுபடவில்லை. என் சங்கிலியின்மேல் உங்களுக்கு என்ன உரிமை என்றார். அது உன் சேவைக்குத் தந்ததா, என் சேவைக்கா என்று திருப்பிக் கேட்டார் காந்தி. அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலைக் கேளுங்கள்: "நீங்கள் செய்த சேவை நான் செய்ததும்தான். இரவும் பகலும் உங்களுக்காக உழைத்தேனே, அது சேவை இல்லையா?"

சங்கிலி போய்விட்டது. அறக்கட்டளைக்காக வங்கியில் சேர்ந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குக் காந்தியிடம் சரியான பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் அதற்குப் பதில் இல்லை.

அப்புறம் 1913. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் சட்டப்படி செல்லாது என்று தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்து, முஸ்லிம், பார்சி முறைப்படி மணந்த இந்தியப் பெண்கள் எல்லோரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் இல்லை என்றானார்கள். டர்பன் அருகே தான் நிறுவிய பீனிக்ஸ் ஆசிரமத்தில் மற்றப் பெண்களிடம், இதை எதிர்த்துப் போராடிச் சிறை செல்வது பற்றிப் பேசிய காந்தி, தன் மனைவியிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. நான் சொன்னதற்காக அவள் வரக்கூடாது என்று நினைத்தார். பேச்சைக் காதில் வாங்கிய கஸ்தூர்பா நேரே வந்து கேட்டார்: "சிறைக்குப் போகத் தகுதியில்லாதபடி என்னிடம் என்ன குறை இருக்கிறது?" சிறையைத் தாங்க முடியாமல் மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தால் என்னை ஏற்க வேண்டாம் என்றும் சொன்னார்.

மூன்று மாதக் கடுங்காவல். விரத உணவு சரியாகக் கிடைக்காமல் எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். அதே போராட்டத்தில் சிறை சென்ற நம் தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று கண்ணை மூடினாள். அவள் பெயரை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை.

1942 ஆகஸ்ட் 9 காலையில் பம்பாயில் காந்தியைக் கைது செய்தார்கள். கஸ்தூர்பாவும் கூடவே போயிருக்கலாம். போகவில்லை. மாலையில் சிவாஜி பூங்காக் கூட்டத்தில் காந்திக்குப் பதிலாகத் தான் பேசக் கிளம்பினார், கைதானார். அப்போது வயது 73.

புனே ஆகா கான் மாளிகைச் சிறையிலிருந்து அவர் திரும்பவில்லை. 1944இல், அதுவும் பிப்ரவரி 22 அன்றுதான், காந்தியின் மடியில் உயிர் பிரிந்தது. சிறை வளாகத்துக்குள்ளேயே தகனம். தங்கச் சங்கிலியை விட்டுக்கொடுத்த அந்த அம்மாவின் உடலில் கடைசியாகப் போர்த்தியது, காந்தி தன் கையால் நூற்ற நூலில் நெய்த ஒரு புடவை.