தெருமுனையில் ஒரு செவலை

எல்லாருக்கும் வணக்கம். பெரிய விஷயம் எதுவும் பேச நான் வரவில்லை. நேற்று எப்படிப் போனது என்று மட்டும் சொல்கிறேன்.

விடியற்காலையில் தண்ணீர் வந்தது. பாதித் தொட்டி நிறைவதற்குள் கரண்ட் போய்விட்டது. கிளம்பலாம் என்றால் வாசலை அடைத்து யாரோ வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். ஒரு ஆபீஸில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று கவுன்ட்டருக்குப் போனால், ஒரு ஜெராக்ஸ் குறைகிறது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். உங்களுக்கும் இப்படித்தான் போகும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லாத விஷயங்கள். சேர்ந்து வந்தால் வீட்டில் இருப்பவர்கள் மேல் எரிந்து விழுகிறோம்.

அப்புறம் சாயங்காலம், மாசி வீதிப் பக்கம் சுக்கு மணக்க ஒரு டம்ளர் பருத்திப்பால். வீட்டுக்கு வாங்கிய மல்லிகை, கடையில் இறுகிய மொட்டாக இருந்தது, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் விரிந்துவிட்டது. மனம் கொஞ்சம் இறங்கி வந்தது. ஆனால் முழுதாக இறங்கியது எங்கள் டீக்கடை வாசலில்தான். அங்கே செவலை இருக்கிறது.

செவலை யாரும் வளர்க்கிற நாய் இல்லை. ஆறு வருஷமாக எங்கள் தெருமுனையில் கிடக்கிறது. பொறை வாங்கி நீட்டினால் உடனே வாங்காது. முதலில் என் விரல்களை மோந்து பார்க்கும். ஈர மூக்கு உள்ளங்கையில் பட்டு நகரும். பிறகு முன்பல்லால் மெதுவாக எடுத்து, இரண்டு முன்னங்காலுக்கும் நடுவில் வைத்துக் கடிக்கும். சிந்திய தூளைக்கூட விடாது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஆபீஸ் ஜெராக்ஸ் மறந்தே போகிறது.

நம் பக்கத்து நாய்களைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று சொல்லும்போதே குரல் உயரும். 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலையே வந்தது. சந்தோஷம்தான். ஆனால் நம் தெருவில் படுத்திருப்பதும் இந்த மண்ணில் பிறந்ததுதானே?

நாய் என்றாலே பயம் உள்ளவர்களும் இங்கே இருப்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. கடிபட்டால் மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும் நாயைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அடையாளம். செவலைக்கும் அந்த வெட்டு உண்டு. உங்கள் தெருவில் வெட்டு இல்லாத நாய் இருந்தால் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். கல்லை எடுப்பதைவிட அதுதான் தெருவுக்கு நல்லது.

நான் முக்கியமாகக் கேட்க வந்தது தண்ணீர். நமக்கு மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இரைக்க இரைக்க உடம்பில் இருக்கும் தண்ணீர் போகும். போன சித்திரையில் ஒரு நாள், உச்சி வெயிலில் செவலை தார் ரோட்டில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றது. டீக்கடை அண்ணன் கிளாஸ் கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றினார். அந்த ஈரத்தில் போய் நான்கு காலையும் வைத்துக்கொண்டு, தேங்கியதை நக்கியது. சோப்புத் தண்ணீர். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மறுநாளே ஒரு மண்சட்டி வாங்கி வேப்பமரத்தடியில் வைத்தேன். தினமும் காலையில் கழுவி ஊற்ற இரண்டு நிமிஷம் ஆகும். கழுவாமல் விட்டால் கொசுப்புழு வரும், அதை மறக்காதீர்கள்.

நேற்று ராத்திரி வீடு திரும்பப் பதினொரு மணி. தெருவிளக்கு எரியவில்லை. செவலை எழுந்து கூடவே நடந்து வந்தது. நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்பியது.

வாசலில் என் வண்டியில் பத்து மண்சட்டி கொண்டுவந்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.