ஆறு எண்களும் சாத்தியிருந்த ஒரு கதவும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கு ஸ்பூல் டேப் நன்றாகத் தெரியும். கால் அங்குல அகலம், பாட்டும் பேச்சும் ஏறும். நான் இன்று பேசப்போவது அதன் பெரியண்ணனைப் பற்றி. அரை அங்குல அகலம், முழுச் சுருளில் 2400 அடி. பாட்டு கிடையாது, வெறும் எண்கள்தான்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் என் நண்பர் வீடு. வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில், பித்தளை அண்டாக்களுக்குப் பக்கத்தில், ஆள் உயர இரும்பு அலமாரி ஒன்று நின்றது. உள்ளே பிடிபி-11/34. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட மினி கணினி. மினி என்பது அந்தக் காலத்து அளவில்! நண்பரின் அப்பச்சி எப்போதோ ஏலத்தில் எடுத்துப் போட்டது. கூடவே டேப் டிரைவும், ‘யூனிக்ஸ் 7’ என்று தாள் ஒட்டிய ஒரு சுருளும் இருந்தன. யூனிக்ஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். நான் ஒரு காலத்தில் இந்த வகை இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். அதனால் கூப்பிட்டுவிட்டார்.

மின்சாரப் பகுதியைச் சரிபார்த்ததை விட்டுவிடுகிறேன், அது ஒரு வாரக் கதை. கணினியின் மின்சுற்றுப் பலகைகளான கார்டுகளை எல்லாம் வெளியே எடுத்துத் துடைத்து, 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் திரும்பச் செருகினேன். இந்தச் செருகலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டேப். சுற்றவிட்டதும் கிரீச் என்றது. காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துப் போயிருந்தது. ஏறக்குறைய 50 டிகிரியில், சீரான சூட்டில், பல மணி நேரம் வைத்தால் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். “முற்றத்து வெயிலில் காயப் போட வேண்டியதுதானே?” என்று ஆச்சி கேட்டார்கள். வத்தலுக்குச் சரி, டேப்புக்கு ஆகாது. சூடு ஏறி இறங்கினால் நெளிந்துவிடும். சுருளின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் டிரைவ் அந்த டேப்பில் எதையும் எழுதாது. வேறு பிரதி இல்லாத டேப் என்றால் முதல் வேலை அதுதான்.

சரி, இனி பூட் செய்ய வேண்டும், அதாவது கணினியை எழுப்பி ஓடவைக்க வேண்டும். மின்சாரம் போட்ட கணினிக்கு டேப்பைப் படிக்கத் தெரியாது. படிக்கச் சொல்லும் சின்ன நிரல் ஒரு ரோம் சிப்பில் இருக்க வேண்டும். இந்த இயந்திரத்தில் டேப்புக்கான சிப்பைக் காணோம். ஆனால் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த குறிப்பிலேயே அதற்கு வழி உண்டு. முன்பலகைப் பொத்தான்களில், 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டுமே வரும் ஆக்டல் முறையில், ஆறே ஆறு எண்களைத் தட்டினால் போதும்:

012700, 172526, 010040, 012740, 060003, 000777.

எழுதியவருக்கு எவ்வளவு சிக்கனம் பாருங்கள். டேப் டிரைவை ஆட்டுவிக்கும் கார்டுக்கு டேப் கன்ட்ரோலர் என்று பெயர். 172526 என்பது அதிலுள்ள ஒரு பதிவேட்டின், அதாவது ஒரு சிறு நினைவிடத்தின், முகவரி. அதே எண்ணையே ‘எத்தனை பைட் படிக்க வேண்டும்’ என்ற இடத்திலும் போட்டுவிடுகிறார். கன்ட்ரோலர் அதைக் கழித்தல் எண்ணாக எடுத்துக்கொள்ளும், கணக்குப் பார்த்தால் 2730 பைட் வரும். டேப்பின் முதல் பிளாக் 512 பைட்தான், அது முடிந்ததும் படிப்பு தானே நின்றுவிடும். ஓர் எண்ணை மிச்சம் பிடித்தாயிற்று! 060003 என்பதுதான் ‘படி’ என்ற கட்டளை. பிளாக் நினைவகத்தின் 0-ஆம் இடத்தில் போய் உட்காரும். நிறுத்திவிட்டு 0-இலிருந்து ஓட்ட வேண்டும்.

ஓட்டினேன். டேப் ஒரு சிறு குலுக்கலோடு நகர்ந்தது. 0-இலிருந்து தொடங்கியதும் இயந்திரம் நின்றுவிட்டது. பலகையில் 2 என்று காட்டியது.

“டேப்பு செத்துப்போச்சுண்ணே” என்றார் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 0 என்ற எண்ணே இந்தக் கணினியில் ‘நில்’ என்ற கட்டளை. 0-இல் நின்றால் அடுத்த முகவரியான 2-ஐத்தான் காட்டும். ஓட்டும் முன் அந்த இடங்களில் நானே சுழியம் போட்டு வைத்திருந்தேன். டேப் கெட்டிருந்தால் குப்பையாவது வந்திருக்கும். இங்கே என் சுழியம் அப்படியே இருந்தது. அதாவது எதுவுமே வந்து சேரவில்லை.

மறுபடி ஆறு எண்களையும் தட்டி ஓட்டி, நிறுத்தி, 772520-ஐப் பார்த்தேன். அது கன்ட்ரோலரின் நிலைப் பதிவேடு. அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு கொடி மாதிரி. டேப்பில் பிழை என்றால் பிட் 12 எழுந்திருக்கும். எழுந்திருந்தது பிட் 11. ‘நினைவகத்தில் எழுத அனுமதி கேட்டேன், நேரத்தில் கிடைக்கவில்லை’ என்று அதற்குப் பொருள்.

நம் வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியும். நடுவில் ஒரு கதவைச் சாத்தினால் அதற்குப் பின்னால் எல்லாம் இருட்டு. இந்தக் கணினியின் கார்டுகளை இணைக்கும் பாதைக்கு யூனிபஸ் என்று பெயர். அதில் அனுமதியும் அப்படித்தான், கார்டு செருகும் ஒவ்வொரு ஸ்லாட்டாகக் கடந்து போகும். காலி ஸ்லாட்டில் ஒரு சின்னக் கார்டு போட்டு வழியைத் திறந்துவிடுவோம். நானும் போட்டிருந்தேன். ஆனால் அந்தக் கார்டு, செயலியை இடைமறித்துக் கூப்பிடுவதற்கான குறுக்கீட்டு அனுமதியை மட்டுமே கடத்தும். கன்ட்ரோலர் நேரடியாக நினைவகத்தில் எழுதும் அனுமதிக்குப் பின்பக்கம் தனியாக ஒரு சிறு கம்பி வேண்டும். கன்ட்ரோலர் முதலில் இருந்த ஸ்லாட்டில் அந்தக் கம்பியை முறைப்படி எடுத்திருக்கிறார்கள், அங்கே கன்ட்ரோலரே அனுமதியைக் கடத்திவிடும். துடைத்த பிறகு நான் கன்ட்ரோலரை அடுத்த ஸ்லாட்டில் செருகிவிட்டேன். கதவைச் சாத்தியது நான்தான்.

பழைய இடத்தில் செருகி மறுபடி ஆறு எண்கள். 0-இலிருந்து ஓட்டியதும் டெர்மினல் ‘பூட்’ என்று எழுதி, அடுத்த வரியில் ஒரு முக்காற்புள்ளி வைத்துக் காத்திருந்தது. ஆச்சி எட்டிப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்றார்கள்.

இப்போதைக்கு அவ்வளவுதான். யூனிக்ஸை இறக்கிவைக்க டிஸ்க் வேண்டும், அதன் பெல்ட் இற்றுப் போய்விட்டது. பொருத்தமான பெல்ட் தேடிக்கொண்டிருக்கிறோம். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.