நெடுங்கல் நட்டது நினைவுக்கே: மதுரைப் பட்டிமன்றத்தில் நினைவணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். பெரிய கற்களால் ஈமச்சின்னம் எழுப்பிய பெருங்கற்கால மக்கள் வானத்தைக் கணிக்கவே நெடுங்கற்களை நட்டார்கள் என்றீர்கள். இறந்தவர் நினைவுக்கே நட்டார்கள் என்கிறோம் நாங்கள். இரண்டு கல்லுக்கு இடையே கண் வைத்துப் பார்த்தால் திருப்ப நாளில், அதாவது உதயப் புள்ளி வடக்கு அல்லது தெற்கு எல்லையைத் தொட்டுத் திரும்பும் நாளில், சூரியன் தெரிகிறது. அதுதான் உங்கள் சான்று. அதை எடை போடுவோம்.

மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே உதயம் நேர்கிழக்கிலிருந்து வடக்கே 24, தெற்கே 24 பாகைக்குள்தான் நகரும். ஆனித் திருப்பம், மார்கழித் திருப்பம், இரவும் பகலும் சமமாகும் நாள் என மூன்று கோடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் 2 பாகை பிசகு அனுமதித்தால் 180 பாகையில் 12 போய்விடும். பதினைந்தில் ஒன்று! பத்துக் கல் நின்றால் 45 சோடி. யாரும் வானத்தைப் பார்க்காமல் நட்டிருந்தாலும் மூன்று சோடி பொருந்தத்தான் செய்யும்.

கல்லும் நட்டபடி நிற்பதில்லை. மழையில் ஊறி வெயிலில் வெடிக்கிற கரிசலில் 3 மீட்டர் கல் 5 பாகை சாய்ந்தால், உச்சி 26 செ.மீ. விலகும். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் கல்லோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்றரைப் பாகை பிழை. சூரியனின் அகலமே அரைப் பாகைதான், ஐயா!

தெலங்கானாவின் முடுமால் என்ற ஊரைக் காட்டினீர்கள். அங்கே வரிசை வரிசையாகக் கற்கள் இருக்கின்றன, ஆராயட்டும், நல்லது. ஈமக்காட்டில் ஒற்றையாக நிற்கும் கல்லுக்குக் கோடு எங்கே இருந்து வரும்?

நம் பக்கத்துச் சான்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த பேடு ஊர்த் தீயன் அந்தவனுக்கு நட்ட கல். ஊர், ஆள், ஆநிரைச் சண்டை, சாவு, இவ்வளவும் சில சொற்களில்! நாளும் இல்லை, கோளும் இல்லை. கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று அடுக்குகிற தொல்காப்பியமும் வீரனைத்தான் பேசுகிறது.

கல்லறைப் பலகைக் கல்லில் விட்ட துளையான இடுதுளை கிழக்கு நோக்குவதை நாங்கள் மறுக்கவில்லை. அது சடங்கின் திசை. நாள் குறிக்க அது உதவாது. திருப்பத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் உதயப் புள்ளி அரைச் சூரியன் அகலம்கூட நகராது.

எதிரணி வெல்ல வேண்டுமானால் பொருந்திய சோடியை மட்டுமின்றி, பொருந்தாதவற்றையும் சேர்த்து எல்லாச் சோடியையும் அளந்து காட்டட்டும். சாய்ந்த கல்லைப் பொக்லைன் வைத்து நிமிர்த்திச் சிமெண்ட் போடும் ஊர்க்காரர்களிடம் இரண்டு அணியும் சேர்ந்தே கேட்போம்: தொல்லியல் துறை வரும்வரை தொடாதீர்கள். அடிக்குழியின் மண்ணும் பானை ஓடும் கலைந்துவிட்டால் எங்கள் சான்றும் போகும், உங்கள் சான்றும் போகும்.