கவனிக்கவில்லையா, கேட்கவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம். தொடக்கப் பள்ளியில் 28 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். 'கவனிக்கவே மாட்டேங்கிறான்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான்காம் வகுப்பில் 'சொல்வதை எழுதுதல்' நடக்கிறது. நான் 'பட்டம்' என்றால் ஒரு பையன் 'கட்டம்' என்று எழுதுவான். 'தாத்தா' என்றால் 'காக்கா'. விளையாட்டுத்தனம் என்று நினைத்துப் பல நாள் நிற்க வைத்தேன். ஒருநாள் அவன் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. காதில் அடிக்கடி சீழ் வடியும் என்று அப்புறம்தான் அவன் அம்மா சொன்னார். அவனை நிற்க வைத்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அவன் எழுதியதைப் பாருங்கள். 'தாத்தா', 'காக்கா' இரண்டிலும் ஆகாரம் ஒன்றுதான். உயிரொலி வலுவானது, காதில் விழுந்துவிடும். க, ச, த, ப போன்றவை இலக்கணத்தில் வல்லினம் என்றாலும், காதுக்குச் சத்தம் குறைந்த ஒலிகள். அரைகுறையாகக் கேட்கும் பிள்ளைக்கு ஓசை வந்து சேரும், சொல் வந்து சேராது. உரக்கக் கூப்பிட்டால் திரும்புவான், நாமும் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவோம். சீழ் வடியும் நாளில் கேட்காது, ஆறிய நாளில் ஓரளவு கேட்கும். 'வேண்டும்போது மட்டும் காது கேட்கும்' என்ற பழியும் பிள்ளைமேல் விழும்.

இன்னொரு பிள்ளை இருப்பாள். கதையை வாயால் சொல்லச் சொன்னால் ஒன்று விடாமல் சொல்வாள், புத்தகத்தைப் பிரித்தால் திணறுவாள். நம் எழுத்தில் 'கொ' என்ற ஒரே ஒலிக்குக் ககரத்தின் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். வாயில் பின்னால் வரும் ஒலிக்குக் குறி முன்னாலேயே வந்து நிற்கிறது. மற்ற பிள்ளைகள் பழகிக் கடந்துவிடுவார்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளை வரிக்கு வரி இதில் தடுக்கி விழுவாள். 100 முறை எழுதி வா என்றால், தப்பான எழுத்துதான் 100 முறை கைக்குப் பழகும். அதற்குப் பதில் மணலில் விரலால் எழுதவிட்டு, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். பாடம் புரிந்ததா என்பதை வாய்மொழியாகவே கேட்டுப் பாருங்கள்.

கவனம் நிலைக்காத பிள்ளை என்றால் துறுதுறுவென்று ஓடுபவன்தான் நம் கண்ணில் படுகிறான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைக்கும் அதே சிரமம் இருக்கலாம். தொல்லை தராததால் அவளை யாரும் பார்ப்பதில்லை. 10 கணக்கை ஒரேயடியாகக் கொடுக்காமல் ஐந்து ஐந்தாகக் கொடுங்கள். நடுவில் நோட்டுகளை விநியோகிக்கச் சொல்லி எழுந்து நடக்க விடுங்கள்.

இது என்ன சிரமம் என்று நாமே பெயர் வைத்துவிடக் கூடாது. ஆனால் எந்தப் பிள்ளையாக இருந்தாலும் முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்வதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். அப்புறம், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று அரசின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் பேசலாம்.

காதுக் கருவி மாட்டியவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். ஆசிரியர் தள்ளி நிற்க நிற்கப் பேச்சு அதில் அமுங்கிப் போகும். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வழியும் அடைபடும். எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுங்கள். கருவியில் போடும் குட்டி பேட்டரியின் மேலிருக்கும் ஒட்டுத்தாளை உரித்துவிட்டால், கருவியை அணைத்து வைத்தாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். தீர்ந்ததைப் பல பிள்ளைகள் வெளியே சொல்வதில்லை. ஆகவே ஆசிரியர் மேசையில் ஒரு மாற்று பேட்டரி இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் செவித்திறன் குறைபாடும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகளும் உண்டு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது அலையாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.